கடைசிச் சொட்டு எண்ணெய்

என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அவருடைய வெள்ளை அம்பாசிடரைத்தான். என் முகத்தில் முழிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. கல்யாணமான புதிதில் இதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் கார் எங்களுக்குச் சோறு போட ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

சோறு போட்டது என்று சும்மா சொல்லவில்லை. பல்லடம் ரோட்டில் எங்கள் வீட்டை ஒட்டியே வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்து, நாலைந்து மெஷின் போட்டு நாங்கள் பனியன் தைக்க ஆரம்பித்தபோது டெம்போ வைத்துக்கொள்ளும் வசதியெல்லாம் கிடையாது. தைத்ததைக் கட்டுக் கட்டாகக் காரின் பின்சீட்டில் அடைத்துக் காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குக் கொண்டுபோவோம். பிள்ளைகள் இரண்டும் அந்தக் கட்டுகளின் மேலேயே ஏறிப் படுத்துத் தூங்கிவிடும். கார்க் கூரைக்கும் அவர்கள் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். புதுத் துணி வாசமும் பெட்ரோல் வாசமும் சேர்ந்து ஒரு வாசம் வரும். இன்றைக்கும் எங்கேயாவது அது மூக்கில் ஏறினால் நான் கொஞ்ச நேரம் அந்த முன்சீட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் டீக்கடை ஓரமாக நிறுத்தி, காருக்குள் இருந்தபடியே பன்னும் டீயும் சாப்பிடுவோம். பிறகு எவ்வளவோ நல்ல சாப்பாடு சாப்பிட்டாயிற்று. அந்த ருசி வரவில்லை, பொய் சொல்வானேன்.

ஆயுத பூஜை வந்தால் மெஷின்களுக்கும் காருக்கும் ஒரே மரியாதை. மெஷின்களைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்த பிறகு, எண்ணெய்க் கேனோடு அவர் காருக்கு வருவார். சாவித் துளையில் கடைசிச் சொட்டை விடுவார். சாவி போட்டுத்தானே வண்டி கிளம்புகிறது, அதற்கும் வாயில் ஏதாவது ஊற்ற வேண்டாமா என்பார். எங்கள் கம்பெனியில் அது ஒரு சாங்கியமாகவே ஆகிவிட்டது. பையன் தலையெடுத்துத் தொழிலைப் பெரிய கட்டடத்துக்கு மாற்றினான். பழைய ஷெட்டில் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின்கள் கொஞ்சமும் அயர்ன் டேபிளும் மட்டும் மிஞ்சின. காரும் அதற்குள்ளேயே ஓர் ஓரமாக நின்றது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு சொட்டு அதற்குத் தவறியதே இல்லை.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வந்தது, கால் வந்தது, கை மட்டும் அடம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். "நானென்ன கொழந்தையா?" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டார். அதற்குப் பதிலாக அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். தினமும் காலையில் மெல்ல நடந்துபோய்க் காரில் உட்கார்ந்து, வலது கையால் சாவியைத் திருப்பி வண்டியை ஸ்டார்ட் செய்வது. முதலில் விரல்கள் சாவியைப் பிடிக்கவே மாட்டேன் என்றன. எத்தனையோ காலைகள் வெறுங்கையோடு உள்ளே வந்தார். ஒருநாள் ஷெட்டிலிருந்து இன்ஜின் சத்தம் கேட்டது. நான் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடினேன். பால் பொங்கி வழிந்ததற்கு அன்றைக்கு யாரும் என்னைத் திட்டவில்லை.

வண்டி ஸ்டார்ட் ஆகிற நாளில் மனிதர் நன்றாகச் சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், என்னை நாலு வார்த்தை கேலி பேசுவார். ஆனால் மாதங்கள் போகப் போகப் பேச்சு குறைந்தது. காரிலிருந்து வரும்போது சட்டை நனைந்திருக்கும். கேட்டால் "புழுக்கம்" என்பார். மார்கழியில் என்ன புழுக்கம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு காலையில் இன்ஜின் சத்தம் வரவேயில்லை. மறுநாளும் வரவில்லை. உள்ளே வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்ற கை போச்சு புள்ள. இனி அது வராது. காரை வித்துப்போடலாம்."

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கைக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அவர் இருந்த இருப்பைப் பார்த்தபோது காரோடு சேர்த்துத் தன்னையும் ஓரங்கட்டிவிட்டது தெரிந்தது.

நான் போய்ச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. அயர்ன் டேபிளில் நின்ற பீகார் தம்பியைக் கூப்பிட்டேன். நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தேய்க்கிற கை அவனுக்கு. அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றுவிட்டு, "அக்கா, பஹுத் டைட் ஹை", ரொம்ப இறுக்கம் என்று விரலை உதறினான். எனக்குப் பாதி உயிர் வந்தது. கோளாறு பூட்டில், கையில் இல்லை. ஓடிப்போய் இவரிடம் சொன்னேன்.

"அது என்ற கைக்குப் பழகுன சாவி. உங்களுக்கெல்லாம் எப்படித் திரும்பும்? எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம் போ" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

பழக்கமான மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அதைக் கழட்டி வீசிட்டுப் புதுசு மாட்டிரலாமுங்கக்கா, சீக்கிரம் முடிஞ்சிருமுங்க" என்றார். வேண்டாம் என்றேன். புதுப்பூட்டை யார் கையும் திருப்பிவிடும். அதில் இவர் கைக்கு என்ன சாட்சி இருக்கிறது? அந்தப் பழைய பூட்டின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று இவர் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். எப்படிக் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டுவது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆயுசு பூராவும் ஓவர்லாக் மெஷினைப் பிரித்து மாட்டியவள் நான், இது என்ன பெரிய கம்பசூத்திரமா?

பேட்டரி ஒயரை முதலில் கழட்டினேன். டேஷ்போர்டில் சாவித் துளையைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகி எடுத்ததும் ஸ்விட்ச் பின்பக்கமாக இறங்கி வந்தது. அதில் மாட்டியிருந்த ஒயர்களின் நிறமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. எது எங்கே என்று மறந்துபோகாமலிருக்க ஒவ்வொரு ஒயருக்கும் அதன் முனைக்கும் ஒரே நிறத்தில் தையல் நூல் கட்டினேன். வெட்டின துணியை, கட்டிங் பீஸை, நூல் கட்டிப் பிரித்து வைக்கிற பழக்கம், வேறொன்றுமில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஸ்விட்சின் பக்கவாட்டில் ஒரு பொடித் துளை இருக்கிறது. சாவியை முதல் நிலைக்குத் திருப்பி வைத்து அந்தத் துளைக்குள் கம்பியை விட்டு அமுக்கினால், உள்ளே இருக்கிற சின்ன முளை அமுங்கிப் பூட்டு உருளை சாவியோடு வெளியே வரும். ஆனால் சாவி திரும்பினால்தானே? திரும்பாததால்தானே கழட்டுகிறேன்! அந்தப் பூட்டைச் செய்தவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். முகம் மட்டும் நனைகிற மாதிரி அதை மண்ணெண்ணெயில் கவிழ்த்து வைத்தேன். மரக்கட்டையால் தட்டினேன். சாவி முறிந்துவிடக் கூடாதே என்று பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் திருப்பினேன். மத்தியானம் வரை இதே வேலை. உள்ளங்கை கன்றிச் சிவந்தபோது, மனசில்லாமல் சாவி ஒரு நூலளவு அசைந்தது, பிறகு திரும்பியது. குடைக்கம்பி முனையால் முளையை அமுக்கினேன். உருளை வந்துவிட்டது.

உள்ளே எண்ணெயும் பஞ்சும்தான். ஷெட்டில் பறக்கிற பனியன் பஞ்சு, பூஜைக்குப் பூஜை விட்ட எண்ணெயில் ஒட்டி, வருஷக்கணக்கில் இறுகிக் கறுத்துக் கம்பளித் துண்டு மாதிரி அடைத்துக் கிடந்தது. ஓவர்லாக் நூல் கோக்கிற இடுக்கியால் கொஞ்சம் பிய்த்தேன், திரியாக வந்தது. அப்படியே பேப்பரில் வைத்து இவர் கட்டிலுக்கு எடுத்துப் போனேன்.

"பாருங்க. நீங்க வெச்ச நைவேத்தியம்."

எழுந்து உட்கார்ந்தார். உருளையை வாங்கினார். பஞ்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என் உள்ளங்கையையும் பார்த்தார்.

"ஒரே நாள்ல இத்தனை சேராதுல்ல புள்ள?"

"எப்படிங்க சேரும்? கொஞ்சங் கொஞ்சமா இறுகியிருக்குது."

உருளையை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "மாசாமாசம் எச்சா இறுக்கமாகிட்டே வந்துது. கைதான் போய்ட்டிருக்குதுன்னு நெனச்சேன். உன்கிட்டச் சொல்லலை" என்றார்.

இத்தனை காலமும் இந்த மனிதர் தனியாக என்னத்தைச் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சட்டை நனைந்ததும் எதனால் என்று புரிந்தது. கை போகவே இல்லை. பூட்டு இறுக இறுக அந்தக் கைக்கும் கூடவே பலம் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசி இரண்டு நாள்தான் பூட்டு ஜெயித்தது.

"எந்திரிங்க, மாட்டலாம்" என்றேன்.

பெட்ரோலில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, காயவைத்து, எண்ணெய்க்குப் பதிலாகப் பென்சில் கரியைச் சுரண்டித் தூவினேன். அதில் பஞ்சு ஒட்டாது என்று மெக்கானிக் சொன்ன பக்குவம் அது. சாவி முதல் நிலையில் இருக்க உருளையை உள்ளே தள்ளியதும் முளை டிக்கென்று உட்கார்ந்தது. நூல் நிறம் பார்த்து ஒயர்களை மாட்டி, வளையத்தை முடுக்கி, பேட்டரியைச் சேர்த்தேன். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வலது கையால் சாவியைப் பிடித்தார். தினமும் திருப்புகிற அதே பலத்தைப் போட்டுத் திருப்பினார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. கை அப்போதும் சாவியை விடாமல் முறுக்கிக்கொண்டே இருக்க, ஸ்டார்ட்டர் கரகரவென்று கத்தியது.

"மெதுவாங்க! முறிச்சுப்போடுவீங்களாட்ட இருக்குது!" என்று கத்தினேன்.

அவர் விழுந்த நாளிலிருந்து அந்தக் கையைப் பார்த்து நான் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம். மெதுவா என்று சொன்னது அன்றைக்குத்தான். சொன்னது என் காதிலேயே விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.