எப்போது ஜன்னலைத் திறப்பது

தெருவில் அவரை ஸ்வெட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். ஊரே விசிறிக்கொண்டிருக்கும் கோடையிலும் கம்பளி ஸ்வெட்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதரை வேறு என்னவென்று சொல்வது? மீனும் பழமும் இருப்பு வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். எந்த அறை எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும், எந்தக் கதவில் ரப்பர் தேய்ந்து குளிர் கசிகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அங்கே அவர் அதிகம் பேசிய வாக்கியம், "கதவைச் சாத்து."

வீடு மூன்றாவது மாடியில். தலைக்கு மேலே மொட்டை மாடிதான். கிழக்கே ஓர் அறை, மேற்கே ஓர் அறை, நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குச் சமையலறை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர மாலை ஏழாகிவிடும். லீவு நாளிலும் வெளிவேலை என்று சுற்றிவிட்டுத்தான் வருவார். வந்து உட்கார்ந்தால் வீடு இதமாக இருக்கும். "எங்க வீடு இயற்கையாவே குளிர்ச்சிப்பா, ஏசியே வேண்டாம்" என்று கிடங்கில் பெருமையடித்துக்கொள்வார்.

ஓய்வு பெற்றது நடுக்கோடையில். முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மனைவி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தாள். திரையையும் இழுத்துவிட்டாள்.

"என்ன பண்றே? வெயில் காலத்துல எவனாவது ஜன்னலை மூடுவானா? காத்து வரட்டும்."

"வர்றது காத்து இல்லைங்க, அனல்."

"கிடங்குல ஏசி ரூமைத்தான் மூடி வைப்போம். இங்க எந்த மெஷின் ஓடுது? எதுக்கு மூடணும்?"

சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. கூடையைத் தூக்கிக்கொண்டு மேற்கு அறைக்குப் போய்விட்டாள். இவர் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்தார். பன்னிரண்டு மணிக்குள் அலமாரியின் கைப்பிடியைத் தொட்டால் சுட்டது. மூன்று மணிக்கு மேற்கு அறையில் இருக்க முடியவில்லை. அவள் கூடையோடு கிழக்கு அறைக்கு மாறியிருந்தாள். இவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

மறுநாள் ஜன்னல்கள் மூடியே இருந்தன. ஓரளவு தாங்க முடிந்தது. ஆனால் மாலை ஐந்தரை மணிக்கு அவள் எல்லாவற்றையும் திறந்து, மேஜை விசிறியை மேற்கு ஜன்னலில் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். தெருவுக்கு விசிறுகிறாளே என்று இவர் அதை உள்பக்கம் திருப்பினார். அவள் மறுபடி வெளியே திருப்பினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அப்பதாங்க நல்லாருக்கும்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவளுடைய தங்கைக்கு ஆபரேஷன். ஒன்பது நாள் துணைக்கு இருக்கப் போனாள். கிளம்பும்போது, "வீட்டைப் பார்த்துக்கங்க" என்று மட்டும் சொன்னாள்.

தனியாக விடப்பட்ட ஸ்வெட்டர்காரர் தனக்குத் தெரிந்த ஒரே சட்டத்தைக் கையில் எடுத்தார். காலையில் சாத்தியதை மாலையிலும் திறக்கவில்லை. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் கூரை மாலையில் அதையெல்லாம் கீழே இறக்கியது. மின்விசிறி அந்தச் சூட்டையே வாரி அவர் தலையில் கொட்டியது. ஏழு மணிக்கு அவர் பனியனோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து திரும்பி எப்போதும் காலை நீட்டுகிற நேரம் அது. இயற்கையான குளிர்ச்சி எங்கே போயிற்று என்று புரியவில்லை. போன் செய்தார்.

"ஜன்னலை எத்தனை மணிக்குத் திறக்கணும்?"

"மணி பார்த்தா திறப்பாங்க?"

"பின்ன?"

"கையை வெளியே நீட்டிப் பாருங்க. உள்ளே இருக்கறதவிட வெளியே இதமா இருந்தா திறங்க. இல்லைன்னா கொஞ்சம் பொறுங்க."

இது அவருக்குப் பிடித்தது. கணக்குக்குள் அடங்குகிற விஷயம். மறுநாளே இரண்டு வெப்பமானி வாங்கி வந்து, உள்ளே ஒன்று, ஜன்னலுக்கு வெளியே நிழலில் ஒன்று மாட்டினார். அன்று மாலை உள்ளே முப்பத்து நான்கு டிகிரி, வெளியே முப்பத்து மூன்று. திறந்தார். சுகமாக இருந்தது. ஈரப் போர்வையை ஜன்னலில் தொங்கவிட்டார். இன்னும் சுகம். பிடிபட்டுவிட்டது என்று நினைத்தார்.

வியாழக்கிழமை வானம் மூடிக்கொண்டு நின்றது. அதே முப்பத்து நான்கு, அதே முப்பத்து மூன்று. திறந்தார், போர்வையை நனைத்துப் போட்டார். அரை மணியில் உடம்பெல்லாம் பிசுபிசுத்து, தாள்கூட நமத்துப்போனது. வெப்பமானியைத் தட்டிப் பார்த்தார். அதில் கோளாறு இல்லை. நேற்று குளிர வைத்த போர்வை இன்று ஏன் புழுங்க வைக்கிறது? வெப்ப அளவுகளை எழுதி வைத்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரர் யோசனை சொல்ல வந்தார்.

"ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சிட்டு முன்னாடி உட்காருங்கண்ணே."

ஸ்வெட்டர்காரருக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "முன்னாடி விடற குளிரைவிடப் பின்னாடி கக்கற சூடுதான் அதிகம். அதுக்கு அடுப்பையே பத்த வச்சிட்டு உட்காரலாம்."

"அப்ப மாடிக்கு இன்னொரு தடவை சுண்ணாம்பு அடிச்சுப் பாருங்க. இந்த வருஷம் அண்ணிக்குத் தோள்வலி, ஒரு தடவைதான் அடிச்சாங்க."

"யாரு அடிச்சா?"

"அண்ணிதான். வருஷா வருஷம் அவங்கதானே அடிக்கிறாங்க? வாளியும் பிரஷும் எங்க வீட்லதான் இருக்கு. தெரியாதா?"

தெரியாது. வீட்டுக்காரர் ஆள் வைத்து அடிக்கிறார் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தார். மேலே ஏறிப் பார்த்தார். வெள்ளைத் தளத்தில் கண் கூசியது. ஒரு மூலையில் மட்டும் சுண்ணாம்பு மெலிந்து சிமெண்ட் தெரிந்தது, அங்கே வந்தபோது அவள் தோள் ஓய்ந்துபோயிருக்க வேண்டும். வெயிலில் அப்படியே நின்றார். கிடங்கில் தான் பேசிய பெருமையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கமா, வருத்தமா என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை. வாளியை வாங்கி வந்து அந்த மூலையை அடித்து முடித்தார்.

கீழே வந்தபோது கிழக்கு அறையிலிருந்த ஃப்ரிட்ஜ் கண்ணில் பட்டது. மாலையில் மேற்கு விசிறி சூட்டை வெளியே தள்ள, நல்ல காற்று உள்ளே வருகிற அதே ஜன்னலடியில்தான் அதன் முதுகு. தையல்காரரும் இவருமாக அதை நகர்த்தி மேற்கு அறையின் மூலையில் வைத்தார்கள். கிழக்கு அறை ஒரு டிகிரி இறங்கியது. மேற்கு அறை ஏறியதா என்று அவர் அளந்து பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் மனைவி வந்தாள். பையை வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கக் கிழக்கு அறைக்குப் போனவள் வெறும் சுவருக்கு முன்னால் நின்றாள்.

"எங்கங்க அது?"

"அந்த ரூம்ல. இங்கதான் இப்ப ஒரு டிகிரி கம்மி."

அவள் கையைக் காற்றில் நீட்டிப் பார்த்தாள். முகத்தில் கோபமா, யோசனையா, அவருக்குத் தெரியவில்லை. "ஆமா, வித்தியாசம் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஏன் தோணவே இல்ல?"

"உனக்குத் தோள்வலின்னு ஏன் சொல்லலை?"

"சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள போயிடும்" என்றாள்.

இவர் பேச்சை மாற்றிக் காகிதத்தை நீட்டினார். "வியாழக்கிழமை மட்டும் ஏன் அப்படி ஆச்சு? அதே கணக்குதான், ஆனா புழுங்கித் தள்ளிடுச்சு."

அவள் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். "மப்பு போட்டா ஈரத்துணி போடக் கூடாது."

"ஏன்?"

"அது தெரியாது. போட மாட்டேன், அவ்வளவுதான்."

மாலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் மேற்கு ஜன்னலிடுக்கு வழியே ஆளுக்கொரு கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் திறக்கலாம் என்றாள். வெப்பமானி வேண்டாம் என்றது. அவர் அவளையும் அதையும் பார்த்துவிட்டு, எதை நம்புவது என்று தெரியாமல், ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்துவிட்டார்.