ஒரு நாள் வேலை

என் மனைவி இறப்பதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பு, மாரண்டஹள்ளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கத் தோட்டத்தை நானும் என் நண்பர்கள் இருவரும் சுத்தம் செய்தோம். அவளைக் கொண்டுவந்து படுக்க வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. வீட்டுக்குள் வைக்க முடியாமல் போனதற்குத் தெருவில் எல்லோரும் வீட்டுக்காரம்மாவைக் குறை சொல்கிறார்கள். குறை அவர் மேல் இல்லை. யார் மேல் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பூகோள ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று மாற்றலாகிப் போன ஊர்களில் எல்லாம் வாடகை வீடு. ஓய்வுக்குப் பிறகும் வாடகை வீடுதான். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஒரு சின்ன வீடாவது கட்டிக்கொள்ளலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம், "நமக்கு எதுக்கு வூடு? யாருக்கு விட்டுட்டுப் போறதுக்கு?" என்று கேட்பேன். அந்தக் கேள்வி அவளை எங்கே தைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அதற்கு மேல் அவள் பேசமாட்டாள்.

மாரண்டஹள்ளி வீட்டின் பின்னால் நான்கு சென்ட் போல வெற்றிடம் இருந்தது. குடிவந்த வருடம் அவளே களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "அடுத்தவங்க மண்ணுல எதுக்கு மாரடிக்கற?" என்று நான் தடுத்தேன். பிறகு மூட்டுவலி வந்து அவளால் குனிய முடியாமல் போனது. "ஏங்க, கொஞ்சம் வெட்டிக் குடுத்தீங்கன்னா நாலு அவரைக் கொடி போடுவேன்" என்பாள். பார்க்கலாம் என்பேன். ஆறு வருடம் பார்க்கலாம் என்றேன். பார்த்தீனியம் இடுப்பு உயரம் வந்தது. உன்னிச்செடி வேலியிலிருந்து உள்ளே புகுந்தது. கடைசியில் சமையலறை ஜன்னலை வெளிப்பக்கம் தள்ளித் திறக்க முடியாதபடி ஓர் எருக்கு வந்து நின்றது. அவள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைத்தாள்.

வயிற்றில் புற்று என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தோம். தை மாதம் பிறந்து சில நாட்கள் ஆகியிருக்கும், இளம் பெண் மருத்துவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "இனி இங்க வெச்சிருந்து பிரயோசனம் இல்லீங்க ஐயா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அவங்க மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்றார்.

வீட்டுக்காரம்மா மாடியில் குடியிருப்பவர். நல்லவர். போனில் சொன்னதும் அழுதார். அழுதுகொண்டேதான் சொன்னார்: "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எம்புள்ள பிரசவத்துக்கு வந்து இருக்குது. இது ஒன்பதாவது மாசம். கீழ அப்படி ஒண்ணு ஆயிப்போச்சுன்னா... நாள் சரியில்லன்னா ஆறு மாசம் வூட்டையே அடைச்சுப் போடணும்பாங்க. மாமியா வூட்டுக்காரங்க என்னை உண்டு இல்லன்னு பண்ணிருவாங்க. பொறவு தோட்டம் சும்மாதான கெடக்குது, அங்க ஒரு பந்தலாட்டம் போட்டு வெச்சுக்கிறீங்களா?"

நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சரிங்கம்மா என்று வைத்துவிட்டேன். வாடகை வீட்டில் சாவு கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அப்படி ஒரு நிலை வந்தால் சொந்த ஊருக்கு, பங்காளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எனக்கும் சொந்த ஊர் இருந்தது. ஏரியூர் பக்கத்தில், என் தம்பி இருக்கும் வீடு, என் அப்பா கட்டிய வீடு.

அந்த வீட்டுக்கு நான் பதினெட்டு வருடமாகப் போனதில்லை. பாகம் பிரித்த அன்று பெரியவர்கள் முன்னால் என் தம்பி, "அண்ணன் படிச்சவரு, சர்க்கார் சம்பளக்காரரு. அவருக்கு எதுக்கு வூடும் காடும்?" என்று சொல்லிவிட்டான். கேலியாகக்கூட இருக்கலாம். எனக்கு அது பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, இனி இந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அவன் பின்னால் ஓடிவந்து பஸ்ஸை நிறுத்தினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மா சொன்னதை மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா சொல்றதும் நியாயம்தானுங்க. வாயும் வயிறுமா இருக்கற புள்ள" என்றாள். பிறகு, "ஏரியூர்ல சொல்லுங்களேன். கொழுந்தனார் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. அந்த வூட்டுலதான நான் வெளக்கேத்துனேன்" என்றாள்.

"சரி, பேசறேன்" என்று எழுந்து போனேன். வராந்தாவின் கோடியில் தண்ணீர்க் குழாய் பக்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தம்பியின் எண் என்னிடம் இருந்தது. பத்து நிமிடம் நின்றிருப்பேன். பிறகு உள்ளே வந்து, "பேசிட்டேன். வூட்டுல எடம் இல்லைங்கறான்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அவரே சொன்னாரா?"

"அவனேதான்."

"செரி உடுங்க" என்றாள். அதன் பிறகு அவள் ஏரியூர் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நண்பர்கள் இருவரும் வந்தார்கள். ஒருவர் அரசு பஸ் கண்டக்டராக இருந்தவர். இன்னொருவர் ஊருக்கு வெளியே தக்காளி போடும் விவசாயி. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மூன்று பேரும் தினமும் ஒரே டீக்கடையில் பேப்பர் படிப்பவர்கள். கண்டக்டரின் மனைவி ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குத் துணையாக இருந்தார். விவசாயி தன் வண்டியில் கொடுவாள், மண்வெட்டி, கடப்பாரை, தைலமரக் கம்புகள், தென்னங்கீற்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

தோட்டத்தைப் பார்த்ததும் கண்டக்டர் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். "யோவ் வாத்தியாரே, இது என்னய்யா தோட்டமா, ஒகேனக்கல் காடா? உள்ள யானை கீனை நிக்குதா பாரு."

"சும்னிருப்பா" என்று விவசாயி அவரை அடக்கினார். "சிரிக்கற நேரமா?"

"அழுதா மட்டும் செடி தானா சாஞ்சுக்குமா? புடி அருவாள."

பனி விலகாத காலையிலேயே ஆரம்பித்துவிட்டோம். பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கினோம். உடம்பெல்லாம் அரித்தது. உன்னிச்செடியின் முள் கண்டக்டரின் வேட்டியைக் கிழித்தது. அவர் அதற்கும் ஒரு வசவு வைத்திருந்தார். நான் மண்வெட்டியைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்து விவசாயி, "சார், அது சாக்பீஸ் இல்ல" என்றார். எருக்கை அவர்தான் வெட்டிச் சாய்த்தார். அது விழுந்ததும் சமையலறை ஜன்னலில் வெயில் அடித்தது. உள்ளே அடுப்பு மேடை, அஞ்சறைப் பெட்டி, அவள் ஆணியில் மாட்டியிருந்த கைப்பிடித் துணி, எல்லாம் வெளியிலிருந்தே தெரிந்தன.

மதிலோரமாகக் கொத்திக்கொண்டிருந்த விவசாயி, "இங்க யாரோ பாத்தி கட்டியிருக்காங்க" என்றார். போய்ப் பார்த்தேன். உடைந்த செங்கற்களைச் சாய்வாக நட்டு, ஒரு கட்டில் அளவுக்கு வரிசையாகக் கரை கட்டியிருந்தது. பாதிதான் கட்டியிருந்தது. நான் தடுத்த அன்று அவள் விட்டுவிட்டுப் போன இடம் அது.

"உங்களுக்கு முந்தி இருந்தவங்களா இருக்கும்" என்றார் அவர்.

நான் ஆமாம் என்றேன்.

பதினொரு மணிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தபோது, தெருவில் கீரை விற்கும் அம்மா வேலிக்கு வெளியே கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கீற்றையும் பந்தல் கம்பையும் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஐயோ சாரு, எப்ப ஆச்சுங்க? எடுப்பு எத்தன மணிக்கு?" என்றார்.

கண்டக்டர்தான், "இன்னும் ஒண்ணும் ஆவல ஆத்தா. நீ போயி யாவாரத்தப் பாரு" என்றார். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கட்டு முருங்கைக் கீரையை வேலியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு கண்டக்டர் கேலி பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு என் எதிரில் வந்து நின்றார்.

"வாத்தியாரே, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உன் தம்பி நம்பர் குடு. நான் பேசறேன். இந்தப் பனியில, பொம்பளைய, மூணு பக்கம் கீத்து கட்டுன கொட்டாயில போடறதாய்யா? ஏரியூருக்கு எத்தன தூரம்? ரெண்டு மணி நேரம் ஆவுமா?"

"பேசிட்டேன். முடியாதுன்னுட்டான்."

"அவன் சொன்னானா? நம்ப முடியலயே."

"உனக்கு எங்க குடும்பம் தெரியாது" என்றேன். குரலை உயர்த்திச் சொன்னேன். பக்கத்தில் கிடந்த வேர் ஒன்றை வெட்ட ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே அறுந்து கிடந்த வேர். அவர் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டார்.

அப்போது கேட்டிருந்தால்கூட நேரம் இருந்தது. மாலை ஐந்து மணி வரைக்கும் இருந்தது. அந்த நேரம் முழுக்க நான் களை பிடுங்கினேன்.

ஐந்து மணிக்குப் பந்தல் நின்றது. தரையைத் தட்டிச் சமன் செய்து சாணம் தெளித்திருந்தார்கள். கயிற்றுக் கட்டிலைப் போட்டு, இரண்டு கம்பளியை வைத்தோம். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து ஒயர் இறக்கி ஒரு பல்பு மாட்டிக் கொடுத்தார். கீழே வந்து எங்களுக்கு டீ வைக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் வைத்தார்.

மறுநாள் ஆம்புலன்ஸில் அவளைக் கொண்டுவந்தோம். பக்கத்துச் சந்து வழியாகவே தோட்டத்துக்கு வந்துவிட்டதால் வாசல் கதவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. கட்டிலில் படுத்ததும் அவள் தலையைத் திருப்பி எல்லாப் பக்கமும் பார்த்தாள். மண், வேலி, மதில், வெயிலில் கிடந்த செங்கல் வரிசை, சமையலறை ஜன்னல். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. கடைசியில் என்னிடம் கேட்டாள்:

"எத்தன நாள் ஆச்சு இதுக்கு?"

"நேத்துதான். காலையில வந்தோம், அஞ்சு மணிக்கு முடிச்சாச்சு."

"ஒரே நாளா?"

"ஆமா."

அவள் கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு மதில் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று கிழவர்கள் ஒரு நாளில் செய்த வேலை. அவள் ஆறு வருடம் கேட்டாள்.

நான்கு நாள் இருந்தாள். வீட்டுக்காரம்மாவின் மகள், அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து கட்டிலோரம் உட்கார்ந்து தலை வாரிவிட்டது. "கண்ணு, நீ மேல போ, குளிருது" என்று இவள்தான் துரத்துவாள். மூன்றாம் நாள் கஞ்சி கொடுக்கும்போது என்னைக் கேட்டாள்: "கொழுந்தனார் வூட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களாமா? நான் ஏதாவது தப்பாப் பேசியிருக்கனா அவங்கள? எடமில்லன்னு சொல்ற அளவுக்கு..." நான் கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனேன். குடித்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஐந்தாம் நாள் காலையில், நான் வெந்நீர் வைக்க உள்ளே போயிருந்தபோது, போய்விட்டாள்.

கண்டக்டர் என் போனை வாங்கித் தம்பிக்குச் சொல்லிவிட்டார். அவன் குடும்பத்தோடு கார் பிடித்து வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. பந்தலைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், சாத்தியிருந்த வீட்டின் பின்கதவைப் பார்த்தான். எல்லோர் எதிரிலும் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான்.

"அண்ணா, நம்ம வூடு இல்லையா? அண்ணிய ஏன் அங்க கொண்டாரல? ஒரு போனு... ஒரு போனு பண்ணக் கூடாதா? நான் தூக்கிட்டுப் போயிருப்பேனே!"

கண்டக்டர் என்னைப் பார்த்தார். விவசாயி தரையைப் பார்த்தார். நான் சொன்னேன்:

"அவ வர மாட்டேன்னுட்டாப்பா. இங்கயேதான் இருக்கணும்னு சொல்லிட்டா."

தம்பி கைகளை எடுத்துக்கொண்டான். அவளுடைய காலடியில் போய் உட்கார்ந்து, "என்ன அண்ணி, எம்மேல அவ்வளவு கோவமா?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். அவன் மனைவியும் அழுதாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்டக்டர் இன்றுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. டீக்கடையில் எனக்கு இடம் போட்டு வைக்கிறார். பேப்பரின் நடுப்பக்கத்தை முதலில் என்னிடம் தருகிறார். கேலி மட்டும் என்னிடம் செய்வதில்லை.

தம்பி மாதம் ஒரு முறை வருகிறான். வீட்டில் அரைத்த ராகி மாவு கொண்டுவருகிறான். வந்தால் அவள் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பான். போன மாதமும் நின்றான். "அண்ணி மனசுல நான் என்ன கொறை வெச்சேன்னு தெரியலண்ணா. அத நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது" என்றான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று இலை போட்டேன். பஸ் ஏற்றிவிடப் போனபோதும் சொல்லிவிடலாம் என்றுதான் கூட நடந்தேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

அவனுக்கு வாசிக்கத் தெரியும். இதைத் தபாலில் அனுப்பப் போகிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. அவன் உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு ஐந்து நாள் இருந்தது. அதை இனி எந்தத் தபாலிலும் அனுப்ப முடியாது.