அடைத்து வைத்த மணல்

ஓடைத் துப்புரவுப் பணியாளர் என்பவர், "நீரோட்டத்துக்கு இடையூறாக விழுந்து கிடக்கும் மரங்களைத் தாமதமின்றி அகற்றும் திடகாத்திரமான ஆள்" என்கிறது பணி விதி. அந்த வேலையில் இருந்தவர் நாற்பத்து மூன்று கிலோ எடையுள்ள ஒரு பெண். தாமதத்துக்கு மூன்று முறை விளக்கம் எழுதிக் கொடுத்தவர். சக ஊழியர்களுக்கு அவர் 'ரம்பக்கா'; கையில் இருக்கும் மோட்டார் ரம்பத்துக்காகப் பாதி, ஓடை மணலைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதற்காகப் பாதி.

அவர் செய்த தப்பு, ஒரு மரத்தைப் புகழ்ந்து எழுதியது. மேல் ஓடையில் குறுக்கே விழுந்து கிடந்த பெருமரத்தின் பின்னால் ஆளுயரத்துக்கு மணல் தேங்கியிருந்தது. கணக்கெடுப்புப் படிவத்தில், "மணலை நன்றாக அடைத்து வைத்திருக்கிறது" என்று எழுதினார். அலுவலகத்தில் அதைச் சுருக்கி, 'அடைப்பு' என்று பதிந்துகொண்டார்கள். அடைப்பு என்றால் மழைக்கு முன் அறுத்தாக வேண்டும். மழைக்கு நான்கு நாள் இருந்தது.

"சார், அது சும்மா கிடக்கல. வேலை பாக்குது," என்றார் அதிகாரியிடம்.

"அப்போ உங்க சம்பளத்தை அதுக்கே போட்டுடலாமா?"

"போன வருஷம் சின்னதா ஒண்ணை அறுத்தோம். ஒரே மழை. மணல் மொத்தமும் இறங்கி, கீழ ஓடை மேடாகி, என் தங்கச்சி வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. இது அதைவிடப் பத்து மடங்கு சார்."

"புரியுதுக்கா. படிவத்துல வேற கட்டம் இல்லையே."

தங்கை வீட்டுக்கு ஓடினார். தங்கையின் கணவர் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை; ஜன்னலைத் திறந்தால் ஓடை.

"ரெண்டு வாரம் என் வீட்டுல வந்து இருங்கடி."

"உன் வீடு மூணாவது மாடி. படி ஏத்துறதுக்குள்ள மனுஷன் போயிடுவாரு. நீ அறுக்காம இரேன்க்கா."

"நான் இல்லன்னா வேற ஆளு அறுப்பான்."

"எனக்கு நீச்சல் தெரியும், கவலைப்படாதீங்கக்கா," என்றார் கட்டிலில் கிடந்தவர்.

நான்காம் நாள் வானம் கறுத்து நின்றது. அதிகாரி பார்த்திருக்க, ரம்பக்கா பெருமரத்தை மூன்று துண்டாக அறுத்தார். துண்டுகளை வண்டி இழுத்துப் போயிற்று. மணலின் விளிம்பு அப்போதே பொலபொலவென்று உதிரத் தொடங்கியது. அதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும், ரம்பத்தில் பெட்ரோல் மிச்சமிருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்துவிட்டு, ரம்பக்கா இரண்டு வளைவு கீழே இறங்கி, தங்கை வீட்டுக்கு மேலேயே கரையில் பச்சையாக நின்ற மரம் ஒன்றை அறுத்து ஓடைக்குக் குறுக்கே சாய்த்தார்.