பட்டாணி அளவு

சடலத்தைக் குளிப்பாட்டியபோது ஜெயபாலனின் இடது கன்னத்தில் மூன்று குழிகள் தெரிந்தன. மூன்றும் 1981இல் வந்தவை. வாழ்நாளில் வாய்விட்டுக் கத்திய வருஷமும் அது ஒன்றுதான்.

அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் பால் ஸ்டோரில் வேலை. வெட்டுமரத்திலிருந்து வந்த ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் சேர்த்து, ஆசிட் கலந்து உறைய வைக்க வேண்டும். நேரம் போதாத நாள்களில் ஆசிட்டைக் கூட்டுவான். பால் சீக்கிரம் கட்டியாகும். கணக்கெழுதும் கிராணி ஒன்றும் சொல்லமாட்டார்.

தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். அவனுக்கு இருந்த ஒரே ஆசை அது. ஜூன் கடைசியில் ஈப்போவில் பழனியப்பனின் துணிக்கடையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனான். பழனியப்பன் அவன் முகத்தையே பார்த்தார். நெற்றியிலிருந்து தாடை வரை சீழ்ப் பருக்கள்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பட்டு வாங்க வர்ற பொம்பளைங்க பொடவையப் பாப்பாங்களா, ஒன் மூஞ்சியப் பாப்பாங்களா? செப்டம்பர் கடைசிக்குள்ள சரி பண்ணிட்டு வா. தீபாவளிக்கு ஆள் வேணும்."

அங்கிருந்து நேராகத் தோல் டாக்டரிடம் போனான். டாக்டர் ஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன டியூப் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"இரவில மட்டும் பூசும் தம்பி. முகம் கழுவி, ஈரம் போக இருபது நிமிசம் பொறும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு காணும். கண், மூக்கு, வாய் ஓரத்தில படக்கூடாது. வெயிலுக்குத் தொப்பி. முதல் கொஞ்சக் கிழமை பரு கூடும், பயப்பட வேண்டாம். மூண்டு மாதம் பொறுக்க வேணும்."

மூன்று மாதம் என்றால் செப்டம்பர் கடைசி. ஒரு நாள் பிசகினாலும் வேலை போய்விடும். பஸ்ஸில் திரும்பும்போதே கணக்குப் போட்டுவிட்டான். நேரம் போதாது, எனவே அளவைக் கூட்ட வேண்டும். ஸ்டோரில் தினமும் செய்வதுதானே.

பட்டாணி அளவுக்குப் பதில் ஒரு விரல் நீளம் பிதுக்கினான். இரவு ஒரு தரம், வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தரம். பத்தாம் நாள் கன்னம் சிவந்தது. அடுத்த வாரம் தோல் செதில் செதிலாக உரிந்தது. அம்மா கருப்பம்மாள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மஞ்சளில் குழைத்து அப்பினாள். அவன் அலறினான்.

"எரியுதும்மா, தாஹான் பண்ண முடியல!"

"எரிஞ்சாத்தாண்டா கெட்டது வெளிய வரும். சும்மா இரு."

ஸ்டோரில் கூட வேலை செய்யும் பிச்சைமுத்து விடவில்லை. "என்ன மச்சான், ரப்பர் ஷீட்டோட சேத்து ஒன்னையும் பொகையில தொங்க விட்டுட்டாங்களா? லாரி வந்தா ஏத்தி விட்டுருவேன்லா."

ஜெயபாலன் ஆசிட் வாளியைத் தரையில் அடித்தான். எரிச்சல் தாங்காமல் பருக்களைக் கிள்ளினான். ஆகஸ்டு முதல் வாரம் டியூபை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய் டாக்டரின் மேசையில் எறிந்தான்.

"இது மருந்தா, வெஷமா டாக்டர்?"

அவர் டியூபை அமுக்கிப் பார்த்தார். காலி.

"இது ரெண்டு மூண்டு மாசத்துக்கு எண்டு தந்தது. என்ன செய்தனீர்?"

"அவசரத்துக்குக் கொஞ்சம் கூட்டிட்டேன். பாலுக்கு ஆசிட் கூட்டுற மாரி."

"உம்மட கன்னம் பால் தொட்டி இல்லை ஐசே!"

எலுமிச்சையையும் மஞ்சளையும் சொன்னபோது டாக்டர் நெற்றியில் கைவைத்தார். காயம் ஆறும்வரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வாசனை சேர்க்காத கிரீம் மட்டும் போட வேண்டும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அதே பட்டாணி அளவு. கிள்ளக்கூடாது.

"செப்டம்பருக்குள்ள ஆவுமா?"

"ஆகாது."

வாசலில் நின்று யாரையென்று இல்லாமல் கத்தினான். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காயம் ஆற மூன்று வாரம். அதன்பின் சொன்னபடியே செய்தான். பட்டாணி அளவை அம்மா முன்னால் விரல்நுனியில் காட்டிவிட்டுத்தான் பூசுவான்; எலுமிச்சம்பழத்தோடு கிட்டே வந்தால் வெளியே போய்விடுவான். பால் நிறுக்கும் இடத்தில் வெயிலுக்குத் தொப்பி. செப்டம்பர் போனது. தீபாவளியும் போனது. நவம்பர் கடைசியில் முகம் அடங்கியது. குழிகள் மட்டும் நின்றன.

துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். கல்லாவுக்குப் பக்கத்தில் புதுப் பையன் ஒருவன் புடவை மடித்துக்கொண்டிருந்தான். பழனியப்பன் சிரித்தபடி எழுந்து வந்தார்.

"வாங்க தம்பி. என்ன பாக்குறீங்க? வேட்டியா, சட்டத் துணியா?"

"மொதலாளி, நான் ஜெயபாலன். மூஞ்சி சரியாயிருச்சு."

பழனியப்பனுக்கு நினைவு வரவில்லை.

"மூஞ்சிக்கு என்ன?" என்றார்.