சுழிவீரனில் வராதவர்கள்

டி.வி. தொடருக்கு வசனம் எழுதுவது பாதி வேலைதான். எழுதாமல் விட்டதற்கெல்லாம் பதில் சொல்வது மீதி வேலை. உங்களில் யாராவது பேங்க் கவுன்டரிலோ, ரேஷன் கடையிலோ, கரன்ட் ஆபீசிலோ உட்கார்ந்துகொண்டு, தான் எடுக்காத முடிவுக்காகத் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் எனக்குச் சொந்தக்காரர்கள். கேளுங்கள்.

‘சுழிவீரன்’ எங்கள் பழவேற்காடு ஏரியை வைத்து வந்த படக்கதை. ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தின் சுழிக்குள் அவன் இருப்பான். மீன்பிடிக்கப் போனவர்களுக்கு ஆபத்து என்றால் எழுந்து வருவான். பொன்னேரியில் அச்சாகிப் பல வருஷம் வந்தது. எங்கள் பக்கம் அதைப் படிக்காத ஆள் இல்லை. ஒரு சேனல் அதைத் தொடராக எடுக்கிறது என்றும், கோட்டைக்குப்பத்துக்காரனான என்னை உதவி வசனகர்த்தாவாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் தெரிந்தபோது, ஊரில் எனக்கு மேளம் வைக்காததுதான் குறை. புத்தகத்தில் வீரனைச் சுற்றி ஓர் ஊரே இருந்தது. தொடரில் வீரன் மட்டும் வந்தான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நண்டுக்கை நாகம்மா

முதல் பகுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. மறுநாள் காலை பஸ் ஏறப் போனவனை, நண்டு விற்கும் குப்பம்மா அக்கா கூடையைக் குறுக்கே வைத்து மறித்தார். நாகம்மா எங்கே என்றார். படக்கதையில் நாகம்மாவுக்கு வலக்கை நண்டுக் கொடுக்கு. பகலில் மார்க்கெட்டில் மீன் விற்பாள். வீரன் மாட்டிக்கொண்டால் அந்தக் கொடுக்கால் எதிரியின் வலையைக் கிழித்து அவனை மீட்பாள். இங்கே பெண்களுக்கு வீரனைவிட அவள்தான் பெரிய ஆள்.

அந்த வேஷத்துக்குப் பேசி வைத்திருந்த நடிகை கொடுக்கை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சேனலுக்கும் கொடுக்கு பிடிக்கவில்லை. அவளுக்குப் பதிலாகத்தான் வீரனுக்கு ஒரு காதலி வந்தாள், துணி டிசைன் செய்கிறவள், வெள்ளைச் செருப்போடு சேற்றில் நடந்தாள். இதையெல்லாம் நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மீன் மார்க்கெட்டுனு ஒண்ணு காட்டுனீங்களே, அதுல ஒரு பொம்பள கூட இல்லியே. இன்னாடா, மீனு அதுவா எழுந்து நின்னு வித்துக்குச்சா?”

பனிமூட்டம் பக்கிரி

பக்கிரி பனியாக மாறக்கூடிய திருடன். மார்கழிக் காலையில் ஏரி மேல் படிகிற பனி முழுக்க அவன்தான் என்று புத்தகத்தில் இருக்கும். அவனை எப்படியாவது காட்டிவிடுவது என்று டைரக்டரே ஆசைப்பட்டார். புகை போடும் மெஷினை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தோம். பக்கிரியாக வந்த நடிகர் நின்றார், புகை கிளம்பியது, அடித்த காற்றில் மொத்தமும் ஏரிக்குள் போய்விட்டது. நடிகர் மட்டும் இருமிக்கொண்டு கரையில் நின்றார். மறுபடி போட்டோம். மறுபடி போயிற்று. டைரக்டர் குடையை மடக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

அன்று எங்களை ஏற்றி இறக்கியது ஏகாம்பரத்தின் ஷேர் ஆட்டோ. அவர் பக்கிரியின் ரசிகர். ஆட்டோவின் பின்பக்கத்தில் பக்கிரியின் படத்தை வரைந்து வைத்திருப்பவர். என்னைப் பொன்னேரி ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

“பனியில மறைய வெப்பீங்கனு பாத்தா, ஆள கதையிலேருந்தே மறைய வெச்சிட்டீங்களே சார்.”

மண்மூடி

சாயங்கால ரயிலில் சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மீஞ்சூரில் ஏறிய ஒருவர், ஃபாக்டரிச் சட்டையோடு எதிரில் உட்கார்ந்து, நீங்கள்தானே அந்தத் தொடருக்கு எழுதுகிறீர்கள் என்றார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அனுபவஸ்தர்கள் அப்படித்தான் சொல்வீர்கள். நான் ஆமாம் என்றேன். அவர் கேட்டது வில்லனை. புத்தகத்தில் வில்லன் பெயர் மண்மூடி. வருஷா வருஷம் முகத்துவாரத்தை மணலால் அடைத்து, ஏரிக்குள் மீன் வராமல் செய்பவன். தொடரில் அவனை எடுத்துவிட்டு, கோட்டு போட்ட வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவனை வைத்திருந்தார்கள். மணல் அடைப்பதில் என்ன த்ரில் இருக்கிறது என்று சேனல் கேட்டது. நான் அதையே இவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொன்னேரியில் இறங்கும்போதுதான் பேசினார்:

“ஏரி வாய் அடைச்சி மீனு இல்லாமப் போனப்பதான் நான் வலைய வுட்டுட்டு வேலைக்கு வந்தேன். அவன யாராச்சும் ஒதைக்கிறத டி.வி.லயாச்சும் பாக்கலாம்னு இருந்தேன் சார்.”

மூன்று பக்கத்துக்காரன்

இதற்குள் நான் ஊருக்குள் தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகியிருந்தேன். அப்போதுதான் பசியாவரம் தீவிலிருந்து தேசம்மா அக்கா படகேறி என் வீட்டுக்கே வந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கரைசேர்ப்பான் எப்போது வருவான் என்று கேட்டார்.

எனக்கே உடனே ஞாபகம் வரவில்லை. ஒரே ஒரு புத்தகத்தில், மூன்றே பக்கம் வருகிறவன் அவன். சண்டை போட மாட்டான், பேச மாட்டான். கடலில் செத்துப்போனவர்களைத் தேடி எடுத்து, தோளில் சுமந்து வந்து, அவரவர் ஊர்க் கரையில் கிடத்திவிட்டுப் போய்விடுவான். அவ்வளவுதான் அவன் கதை.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் வீட்டுக்காரர் எல்லையன்தான் புத்தகத்தைப் படித்துக் காட்டுவாராம், குரலை மாற்றி மாற்றி. அந்த எல்லையன் போன படகு முகத்துவாரத்து அலையில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. எங்காவது கரையேறியிருப்பான், வந்துவிடுவான் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். காரியம் செய்யவும் இல்லை, அக்கா பொட்டை எடுக்கவும் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, கிளம்புகிற அவசரத்தில் கேட்டார்:

“எப்போ வருவான்னு மட்டும் சொல்லு நைனா. அதுவரிக்கும் நான் பாத்துக்கினே இருக்கறேன்.”

கதை விவாதம்

நான் அந்தக் காட்சியை எழுதினேன். இதுவரை எழுதியதில் அது ஒன்றுதான் உருப்படி என்று எனக்குத் தெரியும். சென்னையில் கதை பேச உட்கார்ந்தபோது நின்றுகொண்டே படித்தேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் போனைப் பார்த்தார். கதை இலாகாவில் மூத்தவர் ஒருவர், கெட்டவர் இல்லை, எனக்கு முதலில் வேலை சொல்லிக்கொடுத்தவரே அவர்தான், டீயை வைத்துவிட்டுக் கேட்டார்:

“பொணத்தக் கரைக்குக் கொண்டுவர்றதுக்கு எதுக்குப்பா சூப்பர் பவர்? அதை அலையே செஞ்சிடுமே.”

ஷூட்டிங்

தொடரைப் பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். சேனல் கையைப் பிசைந்தது. கதாநாயகி வெளிநாட்டுக்குப் போனாள், திரும்பி வந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒருநாள் டைரக்டரே கூப்பிட்டு, ‘அழுகிற மாதிரி ஒரு சீன் வெச்சிருந்தியே, அது இருக்கா?’ என்றார். இருக்கிறது என்றேன்.

எங்கள் கடற்கரையிலேயே எடுத்தார்கள். கரைசேர்ப்பானாக வந்தவர் நாடக நடிகர், நல்ல உயரம். தலைமுடியில் நீர் சொட்ட, வெள்ளைத் துணி சுற்றிய உடம்பைத் தோளில் போட்டுக்கொண்டு அலைக்குள்ளிருந்து நடந்து வந்தார். கரையில் நிற்க ஊர்ப் பெண்களைத்தான் கூப்பிட்டிருந்தோம். தேசம்மா அக்காவும் நின்றார். கரைசேர்ப்பான் உடம்பை மணலில் கிடத்தியதும் பெண்கள் அழ வேண்டும். நான் எழுதியது அவ்வளவுதான். ஒருத்தி ஆரம்பித்தாள். அடுத்தவள் மாரில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பேரைச் சொல்லி அழுதாள்: அண்ணன் பேர், மாமன் பேர், மகன் பேர். அக்கா மட்டும் அழவில்லை. மணலில் மண்டியிட்டு, அந்தத் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார், குளிரும் என்பதுபோல. உள்ளே படுத்திருந்த ஜூனியர் நடிகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார், பாவம். கேமராவை நிறுத்தியாயிற்று, லைட்டை இறக்கியாயிற்று, அழுகை நிற்கவில்லை. உதவி டைரக்டர் பெண் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து சொன்னாள்:

“கட் சொல்லியாச்சுனு யாராவது அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க சார், எனக்கு வாய் வரல.”

ஞாயிறு சாயங்காலம்

அந்தப் பகுதி வருகிற அன்று நான் பசியாவரத்துக்குப் போனேன். என் எழுத்தை அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்க நானாக விரும்பிப் போனது அந்த ஒரு தடவைதான். அக்கா வீட்டில் எல்லையனின் அம்மா, அண்ணன், அக்கம்பக்கத்தார் என்று எல்லாரும் டி.வி. முன்னால் இருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

அலை வந்தது. கரைசேர்ப்பான் வந்தான். உடம்பைக் கிடத்தினான். பெண்கள் அழுதார்கள். அங்கே முடிய வேண்டும். முடியவில்லை. துணி அசைந்தது. உள்ளே இருந்தவன் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். யாரோ ஒரு நடிகை ஓடி வந்து கட்டிக்கொண்டாள், சுழிவீரன் பாறை மேல் நின்று சிரித்தான், பாட்டு போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகச் சாவு வேண்டாம் என்று சேனலில் முடிவு செய்து, சென்னையில் ஒரு செட்டில் வேறு ஆளை வைத்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எல்லையனின் அம்மா கைகூப்பிக் கும்பிட்டார். ‘பாத்தியா, வந்துட்டான். நம்ம புள்ளையும் வருவான்’ என்றார். அண்ணன் தலையாட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா எழுந்து டி.வி.யை அணைத்தார். என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். இறால் தொக்கு போட்டார். நான் எழுதியது அது இல்லை அக்கா என்றேன். தெரியும் என்றார். படகுத்துறை வரைக்கும் கூட வந்தார். நான் படகில் கால் வைக்கும்போதுதான் சொன்னார், கோபமே இல்லாமல்:

“உயிரோட வருவான்னு சொல்றதுக்கு இங்க ஊரே இருக்குது நைனா. செத்துட்டான்னு சொல்றதுக்கு ஒருத்தன் வருவான்னுதான் நான் காத்துக்கினு இருந்தேன்.”

இப்போது நான் ஒரு குடும்பத் தொடருக்கு எழுதுகிறேன். அதில் செத்தவர்கள் எல்லாரும் வாரம் ஒருவராகத் திரும்பி வந்துவிடுகிறார்கள், நான்தான் பசியாவரம் பக்கம் திரும்பிப் போகவில்லை.