டீக்கடை முன் கேட்ட 'டப்'

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் போகும் பழைய நிலத்தடி கேபிள் அடிக்கடி பழுதானது. மின்வாரியத்தில் பழுது பார்க்கும் நாங்கள் கரண்டை நிறுத்திவிட்டு, சோதனைக் கருவியால் கேபிளுக்குள் சிறு இடைவெளிகளில் உயர் மின்னழுத்தம் செலுத்தினோம். நைந்துபோன இடத்தில் 'டப்' என்று சத்தம் வரும். அதைக் கேட்க, சாலையோரம் படுத்து மண்ணில் காதை வைத்தேன். திடீரென்று 'டப்' என்றதும் என் உடம்பு தூக்கிப்போட்டது.

எதிர் டீக்கடை அம்மா ஓடிவந்து என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். "ஏலே, ஓடியாங்க! சாருக்கு வலிப்பு!"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. கேபிளுக்குத்தான் சீக்கு."

நம்பாமல் அவரும் குனிந்து காதை வைத்தார். 'டப்!'

"ஆத்தாடி!" என்று துள்ளி எழுந்தார்.

அங்கேயே தோண்டினோம், கேபிள் இணைப்பு கருகியிருந்தது. மறுநாள் டீயை நீட்டும்போது அவர் தணிந்த குரலில் கேட்டார்: "மாத்திரை போட்டீகளா சார்?"