பதினோராம் வகுப்பில் ஒரு மரண அறிவித்தல்

தமிழில் எழுதிய வலைப்பக்கத்தை முதன்முதலாகத் திறந்து பார்க்கிற அன்று எங்கள் கணினி அறையில் ஒரு கூச்சல் எழும். "ரீச்சர், என்ரை பேர் முழுக்கக் கேள்விக்குறியா வருது!" என்று யாராவது கத்துவார்கள். பார்த்தால் எல்லாத் திரைகளிலும் கேள்விக்குறிகள். கோப்பைச் சேமிக்கும்போது யுனிகோட் என்று தெரிவுசெய்ய மறந்திருப்பார்கள். நான் ஒவ்வொரு கணினியாகப் போய்க் காட்டிக் கொடுப்பேன். கேள்விக்குறிகள் மறைந்து தங்கள் பெயர் வந்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். தரம் பதினொன்றில் நான் விரும்பிப் படிப்பிக்கிற பாடம் அதுதான்.

பள்ளிக்கூடம் வடமராட்சிக் கரையில், கடலுக்கு மிகக் கிட்ட இருக்கிறது. நான் அச்சுவேலியிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். உப்புக்காற்றுப் பட்டுக் கணினிகளின் பின்பக்கமெல்லாம் துரு. சில வேலை செய்யும், சில செய்யாது. வேலை செய்கிறவற்றின் முன்னால் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். இணைய இணைப்பு பெயருக்குத்தான் உண்டு. அதனால் அவர்கள் செய்கிற பக்கங்கள் வெளியே போவதில்லை. கணினிக்குள்ளேயே கிடந்து, அடுத்த வகுப்பு வரும்போது அழிந்துபோகும்.

தலைப்பு, பந்தி, படம், அட்டவணை, இணைப்பு எல்லாம் படிப்பித்து முடிந்ததும், எல்லாவற்றையும் சேர்த்து வகுப்பிலேயே ஒரு பக்கம் செய்யச் சொல்வது வழக்கம். என்ன விடயம் என்பதை அவர்களிடமே விட்டுவிடுவேன். பெரும்பாலும் கோயில் திருவிழா, கிரிக்கெட் வீரர், கனடாவில் நடந்த மாமாவின் கலியாணம் என்றுதான் வரும். அந்த வருடமும் அப்படித்தான் சொன்னேன்.

"எந்தப் பக்கமும் செய்யலாமோ ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஜன்னலோரம் இருக்கிறவள், அதிகம் கதைக்காதவள்.

"ஓம், நீங்கள் பாத்துப் பழகின எந்த மாதிரிப் பக்கமும் செய்யலாம்" என்றேன்.

எங்கள் ஊர்களில் ஆட்கள் அதிகம் பார்த்துப் பழகின வலைப்பக்கம் மரண அறிவித்தல்தான். காலையில் தேத்தண்ணியோடு போனை எடுத்தால் முதலில் பார்ப்பது, எந்த நாட்டில் யார் போய்ச் சேர்ந்தார் என்பதை. மேலே படம், கீழே பிறப்பு இறப்பு, பிறகு இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர் என்று நீளுகிற வரிகள். என் மாணவர்களுக்கு அந்த வரிகள் மனப்பாடம்.

அந்தப் பிள்ளையின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். முந்தின மாரியில் தனியாகப் போயிருந்தார். சில நாட்களின் பின் அவருடைய படகை வேறு கடற்றொழிலாளர்கள் கண்டு இழுத்து வந்தார்கள். இயந்திரம் இருந்தது, வலையில் பாதி இருந்தது, ஆள் இல்லை. கரையிலுள்ளவர்கள் படகுகள் எடுத்துக்கொண்டு போய்த் தேடினார்கள். கடற்படையும் தேடியது. உடல் கிடைக்கவில்லை.

அவளுடைய அம்மா, கணவரை இந்தியப் படகொன்று ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்று சொன்னார். அதை யாரும் விசர்க்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் அப்படி அக்கரையில் ஒதுங்கி, அங்கே சிறையில் மறியலிருந்து, பல மாதங்கள் கழித்துத் திரும்பி வந்திருந்தார். கடற்றொழிலாளர் சங்கத்துக்காரர் அதிகாரிகள் மூலம் அங்கே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா குங்குமம் வைத்தார், தாலி போட்டிருந்தார். சமைக்கும்போது கணவருக்கும் சேர்த்தே உலை வைத்தார். படகு கிடைத்த செய்தி வந்த பிறகும் எந்தக் கிரியையும் செய்ய விடவில்லை.

அன்று வகுப்பில் எல்லோரும் பக்கம் செய்துகொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டாள்.

"ரீச்சர், இந்தக் கட்டத்துக்குக் கோடு வருகுதில்லை."

நான் குனிந்து பார்க்காமலே பதில் சொன்னேன். "உள்ளுக்கு ஒண்டும் இல்லாட்டிக் கோடு வராது பிள்ளை. ஒரு இடைவெளியாவது போட்டுவிடும்."

பிறகுதான் திரையைப் பார்த்தேன். நடுவில் அவளுடைய அப்பாவின் படம். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருந்தாள். முகம் கலங்கலாக இருந்தது. மேலே பெரிய எழுத்தில் மரண அறிவித்தல். கீழே அட்டவணை. பிறப்பு என்பதற்கு எதிரே திகதி இருந்தது. இறப்பு என்பதற்கு எதிரே இருந்த கட்டம்தான் வெறுமை.

பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். நான் ஒரு கதிரையை இழுத்து அவளருகில் இருந்தேன்.

"வீட்டிலை தெரியுமோ?"

"இல்லை ரீச்சர்."

"ஏன் பிள்ளை இதைச் செய்தனீர்?"

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "வீட்டிலை அப்பான்ரை கதை எடுத்தா, வருவார் எண்டு மட்டும்தான் கதைக்கலாம். அழேலாது. அழுதா, ஆர் செத்ததெண்டு அழுறாய் எண்டு அம்மா அடிக்கிறா." பிறகு, "இஞ்சை மட்டும் வைச்சிருக்கிறன் ரீச்சர். ஒருத்தருக்கும் காட்டமாட்டன்" என்றாள்.

நான் சரி என்றேன். இடைவெளியை எப்படி எழுதுவது என்று காட்டினேன். எழுதியதும் கட்டத்துக்குக் கோடு வந்தது. அவள் மணி அடிக்கும்வரை வேலை செய்தாள். ஒரு எழுத்துப்பிழை இல்லை. "மனைவி, பிள்ளைகள்" என்று கடைசி வரியில் எழுதி முடித்தாள்.

யார் படம் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாது, ஆனால் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அந்தத் திரையை யாரோ போனில் பிடித்திருந்தார்கள். விளையாட்டுக்கா, இரக்கத்திலா, அதுவும் தெரியாது. அன்று பள்ளிக்கூடம் விட்டு நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அது ஊரின் வட்ஸ்அப் குழுவில் இருந்தது. அங்கிருந்து கனடாவுக்கும் பிரான்ஸுக்கும் போயிற்று. பார்த்தவர்களுக்கு அது ஒரு பள்ளிப்பிள்ளையின் பயிற்சி என்று எப்படித் தெரியும்? உண்மையான அறிவித்தல் போலவே இருந்தது. திகதி விடுபட்டதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலை அந்த வீட்டுக்குப் பெண்கள் வந்தார்கள். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாராம். வந்தவர்கள் படலையடியிலேயே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்து அவரைக் கட்டிப் பிடித்திருக்கிறார்கள். அவர் முதலில் யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். பிறகு ஒருத்தி போனைக் காட்டியிருக்கிறாள்.

அவர் அப்படியே, கூட்டுமாறைக்கூடப் போடாமல், பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பள்ளி அதிபர் அவரைக் கணினி அறைக்குக் கூட்டிவந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மகள் எழுந்து நின்றாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, நேரே என்னிடம் வந்தார்.

"ரீச்சர், என்ரை மனுசன் செத்துப்போனாரெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. பிள்ளை படிப்புக்காகச் செய்தது. வெளியிலை போகுமெண்டு..."

"காட்டுங்கோ."

நான் காட்டினேன். அவர் கும்பிடப் போகிறவர்போல முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு வரியாக உதடசைத்து வாசித்தார். படத்தைக் கனநேரம் பார்த்தார்.

"இதை அழிக்கலாமோ?"

"ஓம் அம்மா. இப்பவே அழிக்கலாம்."

"அப்ப எல்லாற்றை போனிலையும் இருக்கிறது?"

"அது... அது ஏலாது அம்மா."

"போடத் தெரியுது, எடுக்கத் தெரியாது. அப்ப என்னத்தைப் படிப்பிக்கிறியள்?"

மகள் வந்து, எனக்கும் அம்மாவுக்கும் இடையில் கையை நீட்டி, கோப்பைத் தெரிவுசெய்து அழித்தாள். கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் காலப்போக்கில் ஆறியிருக்கலாம். ஒரு மாதமளவில் அம்மா வழக்கம்போலச் சங்கத்துக்குப் போய், அக்கரையிலிருந்து ஏதாவது பதில் வந்ததா என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்தவர், "நீங்களே அறிவித்தல் போட்டிட்டியளே அக்கா, நாங்கள் இனி ஏன் மினக்கெடுவான் எண்டு விட்டிட்டம்" என்று சொன்னாராம். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தக் குடும்பம் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டது என்று உண்மையாகவே நினைத்திருந்தார்.

அதைக் கேள்விப்பட்டு நான் அதிபரோடு சங்கத்துக்குப் போனேன். அது பிள்ளையின் பாடவேலை, குடும்பம் போட்டது இல்லை என்று விளங்கப்படுத்தினேன். அவர்கள் வருத்தப்பட்டார்கள். திரும்பவும் விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரித்தார்கள்தான். ஆனால் அதற்குள் ஊர் அந்த மனிதரை இறந்தவராக்கிவிட்டிருந்தது. கடைக்குப் போனால் அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கலியாண வீட்டில் அவரை முன்வரிசையிலிருந்து எழுப்பி, குசினிப் பக்கம் ஒரு சமையல் வேலை சொல்லி அனுப்பினார்கள். கீரிமலைக் கடலுக்குப் போய், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையையாவது செய்துவிடு என்று வெளிநாட்டிலிருந்து மைத்துனர் போனில் சண்டை பிடித்தார்.

மகள் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் அம்மா அவளோடு கதைப்பதில்லை. சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைப்பார், தம்பியிடம் சொல்லி அவளைக் கூப்பிடுவார். ஒருநாள் நான் வீட்டுக்குப் போனேன். அம்மா என்னை இருக்கச் சொன்னார், தேத்தண்ணி தந்தார். நான் பிள்ளைக்காகக் கதைக்கத் தொடங்கியதும் இடைமறித்தார்.

"அவளிலை எனக்குக் கோவமில்லை ரீச்சர். தேப்பன் செத்துப்போனாரெண்டு அவள் மனசிலை வைச்சுக்கொண்டு, இந்த வீட்டிலை என்னோடை சேந்து சோறு திண்டிருக்கிறாள். நான் வருவார் வருவார் எண்டு சொல்லேக்கை பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு."

பிள்ளை அறைக்குள் இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

சாதாரண தரப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னர் அக்கரையிலிருந்து பதில் வந்தது. அங்கே எந்த மறியலிலும், எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒருவர் இல்லை. சங்கத்துக்காரர் இருவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். அம்மா கேட்டுவிட்டு உள்ளே போனாராம். அழவில்லை. பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கீரிமலைக்கும் போகவில்லை.

பரீட்சைப் பெறுபேறு வந்த பிறகு அந்தப் பிள்ளை சான்றிதழ் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். என் பாடத்தில் ஏ எடுத்திருந்தாள். நெடுத்து, மெலிந்து போயிருந்தாள். வட்டுக்கோட்டையில் சித்தி வீட்டில் நின்று உயர்தரம் படிக்கப் போகிறேன் என்றாள்.

"அம்மா விடுறாவோ?"

"ஓம் ரீச்சர். அவதான் போகச் சொன்னவ."

"இப்ப உம்மோடை கதைக்கிறாவோ?"

"கதைக்கிறா. குளிச்சியோ, சாப்பிட்டியோ எண்டு கேப்பா."

"அப்பான்ரை கதை?"

அவள் கையிலிருந்த கடித உறையைச் சுருட்டினாள், பிறகு விரித்தாள்.

"அந்தப் பதில் வந்த பிறகு, வருவார் எண்டு சொல்லுறதை அம்மா விட்டிட்டா ரீச்சர். ஒண்டுமே சொல்லுறேல்லை. சோத்தைப் போட்டு வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு இருப்பா. அதைப் பாக்கேலாது." திரும்பவும் உறையைச் சுருட்டினாள். "இப்ப நான்தான் சொல்லுறன். அப்பா வருவார் அம்மா, சாப்பிடுங்கோ எண்டு. சொன்னாத்தான் சாப்பிடுறா. நான் போனாப் பிறகு தம்பி சொல்லுவான். அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறன்."

அலுவலகத்தில் கையெழுத்து வைக்க அவளைக் கூப்பிட்டார்கள். போய்க் கையெழுத்து வைத்தாள். வாறன் ரீச்சர் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தாள்.